பாலிஷ் டப்பா அடுப்பு

என் அம்மா மில்லில் நூல் கோன் சுற்றுகிற வேலை பார்த்தாள். அவளைப் போல ஒரு கெட்டிக்காரி கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கிடையாது என்பது என் கட்சி. மில்லில் கழித்துப் போடும் அட்டையை நாடா நாடாவாகக் கீறி, காலி ஷூ பாலிஷ் டப்பாவுக்குள் சுருட்டி வைத்து, இடுக்கெல்லாம் மெழுகை உருக்கி ஊற்றுவாள். அதுதான் அடுப்பு. சுற்றிலும் ஓட்டை குத்திய பால்பவுடர் டின்னை மேலே கவிழ்த்துவிட்டால் என்ன காற்றடித்தாலும் அணையாது. மழைக்குச் சித்தி வீட்டு அடுப்பு நனைந்துபோகிறதென்று ஒன்று செய்து, அதைக் கொடுக்கத்தான் தாராபுரத்துக்குப் பஸ் ஏறினோம்.

பாதி வழியில் ரோட்டின் குறுக்கே பள்ளத்துத் தண்ணீர் பெருக்கெடுத்து ஓடியது. பஸ் சடக்கென்று நின்றதில் முன்சீட்டுப் பெண்ணின் ஃபிளாஸ்க் விழுந்து நொறுங்கியது. அவள் மடியில் கைக்குழந்தை, புட்டிப்பால் குடிக்கிறது. பால்பவுடர் இருக்கிறது, வெந்நீர் இல்லை. சுற்றிலும் சோளக்காடு, ஒரு டீக்கடைகூட இல்லை. குழந்தை வீறிட்டது.

அம்மா இறங்கிப்போய் ரோட்டோர நிழற்குடையில் உட்கார்ந்து டப்பாவைப் பற்றவைத்தாள். எங்கள் தூக்குப்போசியிலேயே தண்ணீரை வைத்தாள். பஸ்ஸே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை!

அந்தப் பெண்ணின் மாமியார் பால்புட்டியோடு வந்து நின்றார். "எந்தூருங்க அம்மணி?"

அம்மா ஊரைச் சொன்னாள்.

"ஊருக்குள்ள எந்தப் பக்கமுங்க?"

"தண்ணி கொதிச்சிருச்சுங்க" என்றாள் அம்மா, தீயைப் பார்த்தபடி.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இதென்ன பேச்சு? நானே முந்திக்கொண்டேன். "காலனிங்க! தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல மொத ஊடு."

மாமியார் நீட்டிய புட்டியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "வேண்டாம் புள்ள. இப்பப் பஸ்ஸ எடுத்துருவாங்க."

எங்கே எடுப்பது? ரோட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அழுது அழுது குழந்தைக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தாள். மாமியார் கையிலிருந்த புட்டியைப் பிடுங்கி அம்மாவிடம் நீட்டினாள். "ஊத்துங்கக்கா."

குழந்தை குடித்துவிட்டு அங்கேயே தூங்கிப்போனது.

சித்தி வீடு சேர்ந்ததும் அடுப்பின் பிரதாபத்தை அளக்க நான் வாயைத் திறந்தேன். அம்மா விட்டால்தானே! "அத்தன பேரு முன்னால அந்தப் புள்ள என்னைய அக்கான்னு கூப்புட்டா புள்ள" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அக்கா என்பது ஒரு அதிசயமா? காலனிக்குள் எல்லோரும் எல்லோரையும் அப்படித்தானே கூப்பிடுகிறோம்!