எந்த கேட் என்று கேட்காமல் விட்டேன்

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் இரண்டு ரயில்வே கேட்டுகள். ஒன்று மண்டி கேட், இன்னொன்று பள்ளிவாசல் கேட். இரண்டுக்கும் நடுவே சுரங்கப்பாதை கட்டிவிட்டு, ஒரு கேட் நிரந்தரமாக மூடப்படும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அதில் கேட்டின் பெயர் இல்லை, நம்பர்தான் இருந்தது. நம்பரெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? மண்டி கேட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கக் கூச்சம்.

ஒரு நாள் காலை மகளுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஆட்டோவில் பள்ளிவாசல் கேட்டுக்குப் போனால், அன்றுதான் குறுக்கே பள்ளம் வெட்டி வேலி போட்டிருந்தார்கள்.

"இன்னாக்கா, நோட்டீஸ் பாக்கலயா?" என்றார் ஆட்டோக்கார பாய்.

"பாத்தேன் பாய். மண்டி கேட்டுன்னு நெனச்சேன். நீங்க?"

"நானும் அப்டிதான் நெனச்சேன்."

"ரெண்டு பேரும் அப்புறமா பேசுங்கம்மா," என்று முனகினாள் மகள்.

சுரங்கப்பாதைக்கு எந்தத் தெருவில் இறங்குவது என்றும் தெரியவில்லை. வேலி போட்டுக்கொண்டிருந்தவர் கை காட்டிய பக்கம் திரும்பி, ஒருவழியாக ஆஸ்பத்திரி சேர்ந்தோம். உள்ளே கொண்டுபோனதும் பேத்தி பிறந்துவிட்டாள்.

இப்போது எங்கே அறிவிப்பைப் பார்த்தாலும், "இது எந்த ரோடுங்க?" என்று பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டுவிடுகிறேன். பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. யாராவது கேட்கட்டும் என்றுதான் அவர்களும் நிற்கிறார்கள்.