சந்தனம் வைத்த டிஸ்க்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருஷமாக யோசித்தேன். எட்டாவதோடு நின்றவன் கம்ப்யூட்டர் சண்டையைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்று கூச்சம். நான் மறைத்த ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. இன்றைக்குக் காளியம்மனுக்குச் சூடம் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் எனக்கு வேலை. சாமி படங்களையும் பட்டாசு லேபிள்களையும் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பேன். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த ஆல்பத்தை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அன்றைக்கு ஆல்பம் இல்லையென்றால் ஆர்டர் அடுத்த கம்பெனி வாசலுக்குப் போய்விடும்.

அந்த வருஷம் ஆனி கடைசியில் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினோம். புதிதாக எந்த மிஷின் வந்தாலும் சந்தனம் குங்குமம் வைப்பது நான்தான். டிஸ்க்குக்கும் வைத்தேன். மேலே சின்னதாக ஒரு துளை, பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுத்து. அந்த இடத்திலேயே கட்டைவிரலால் தாராளமாக அப்பிவிட்டேன்.

முதல் நாலு நாள் முடிந்த படங்களை அதில் ஏற்றினோம், நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் ஒரு முருகன் படத்தைச் சேமிக்கக் கொடுத்தால், டீக்கடைக்குப் போய்த் திரும்பியும் முடியவில்லை.

எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் என் மச்சினன். லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டம் போட்டிருந்தான். உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதுவதாம்.

"மச்சான், இது வேற மாதிரி டிஸ்க். ஓடு வேய்ஞ்ச கணக்கா ஒரு வரிசை மேல அடுத்த வரிசை ஏறி உக்காந்திருக்கும். நடுவுல ஒண்ணு மாத்தணும்னா மேல உள்ள அம்புட்டையும் பிரிச்சு மறுபடி வேயணும்."

டிசைன் போடும் அண்ணாச்சிக்குக் கோபம். "ஏலே, அது உன் ஓசி சிஸ்டத்துக்குத் தெரியாதாக்கும்?"

"அதுக்குத்தான் லினக்ஸ் எழுதுறவுகளுக்குள்ள சண்டை நடக்கு அண்ணாச்சி. டிஸ்க்கோட அமைப்பைச் சிஸ்டம் தெரிஞ்சுக்கிட்டு வரிசையா எழுதணும்னு ஒரு கூட்டம். டிஸ்க் செஞ்சவன் இழுத்து விட்ட வம்பை நாம எதுக்குச் சுமக்கணும், டிஸ்க்கே உள்ளுக்குள்ள சமாளிக்கட்டும்னு இன்னொரு கூட்டம்."

"அவுக பேசி முடிக்கட்டும். எனக்கு ஆடிப் பதினெட்டுக்கு முருகன் வேணும். இதைத் திருப்பிக் கொடுத்துட்டு பழைய மாதிரி டிஸ்க்கே வாங்குலே."

இரண்டு பேரும் தினமும் மோதிக்கொண்டார்கள். என் சந்தனம்தான் காரணமோ என்று எனக்குப் பயம். ஒரு நாள் காலையில் முதல் ஆளாகப் போய் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டே துடைத்து எடுத்தேன். டிஸ்க் அப்படியேதான் ஊர்ந்தது. நிம்மதியும் வந்தது, கவலையும் வந்தது.

அப்போதுதான் யோசித்தேன். சந்தனத்தோடேயே நாலு நாள் ஓடியதே. ஐந்தாம் நாள் என்ன மாறியது? அன்றைக்குத்தான் ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டுகள் சொன்ன திருத்தங்களை ஆரம்பித்தோம். வேலின் நிறம், மயிலின் கழுத்து என்று ஒரே படத்தைப் பத்து தடவை மாற்றி மாற்றிச் சேமித்தோம். தினமும் வேய்ந்த ஓடுகளைப் பிரிக்க வைத்தது நாங்கள்தான்.

"திருத்துற படமெல்லாம் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்குற பழைய சின்ன டிஸ்க்குல இருக்கட்டும். முடிஞ்சதை மட்டும் வரிசையா இதுல ஏத்துவோம். ஏத்தினதைத் தொட வேண்டாம்" என்றேன்.

மச்சினன், "வரிசையா எழுதணும்னு நானும் அதைத்தானே சொன்னேன்" என்றான். அண்ணாச்சி, "பழைய டிஸ்க்குதான் ஆகும்னு நான் சொன்னேன்லே" என்றார். இரண்டு பேரும் ஜெயித்தார்கள். அதற்கப்புறம் டிஸ்க் ஊரவில்லை, ஆல்பமும் நேரத்துக்கு முடிந்தது.

ஆடிப்பெருக்கு காலையில் ஆல்பத்துக்குச் சந்தனம் வைக்கும்போது மனசு தாங்காமல் துளைமேல் சந்தனம் அப்பிய உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அந்தத் துளை டிஸ்க் மூச்சு விடுறதுக்கு மச்சான். மூடாதேன்னுதான் எழுதியிருக்கு."

"பக்தியில மூக்கையே அடைச்சிட்டீகளே" என்று அண்ணாச்சி சிரித்தார்.

ஊரில் கதை வேறு மாதிரி திரிகிறது. சந்தனத்தைத் துடைத்ததும் டிஸ்க் பறந்தது என்கிறார்கள் சிலர். சந்தனத்தால்தான் ஓடியது என்கிறார்கள் சிலர். இரண்டும் இல்லை. அந்த நாலு நாளை நினைத்துப் பார்க்கும் புத்தியை அம்மன் கொடுத்தாள், அவ்வளவுதான். யாரிடமாவது சொன்னால், நான் மூடிய துளையையும் விடாமல், கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.