ஒட்டும் உறவும்

அந்த ஒலி நூலகத்தில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காது பெரிதாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரணக் காதுதான். பார்வை இல்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற இடம் அது. வாசிப்பவர்கள் பதிவு அறைக்குள் உட்கார்ந்து வாசித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இருமல், தும்மல், பக்கம் புரட்டும் சத்தம், நாற்காலியின் முனகல் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து வெட்டி எறிவது இவர் வேலை. பக்கத்துத் தெருவில் கொசு பறந்தால்கூட இவருக்குக் கேட்கும் என்பார்கள். வீட்டில் மனைவி கூப்பிடுவது மட்டும் கேட்காது. அது வேறு விஷயம்.

பதிவுகளைச் சேமித்துவைக்கும் டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவர் தலையில் வந்து விழுந்த கதை வேடிக்கையானது. அதைக் கவனித்துவந்த பெண் வேலையை விட்டுப் போனபோது, "நீங்கதான் எப்பவும் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்கீங்களே" என்று நிர்வாகம் அவரைப் பிடித்துப் போட்டுவிட்டது. போவதற்கு முன் அந்தப் பெண் அவரை அலமாரி அளவே இருந்த குளிர் அறைக்குக் கூட்டிப்போய், நூலகத்தின் எல்லாப் பதிவுகளையும் வைத்திருக்கும் கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். என்னென்னவோ சொல்லிக்கொடுத்தாள். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டியது ஞாபகம் இருக்கிறது, அவள் சொன்னது ஞாபகம் இல்லை. "இதுல ரெண்டு கேபிள் போகுது பாருங்க சார், அதுக்கு ஒரு காரணம் இருக்கு, அப்பறமா சொல்றேன்" என்றாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

இப்போது மச்சானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மச்சான் என்றால் காதுக்காரருடைய மனைவியின் அண்ணன். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமதமாக வந்த ஒவ்வொரு ரயிலுக்கும் வருத்தம் தெரிவித்தே பழகிய, கனத்த, நிதானமான குரல். ஓய்வுக்குப் பிறகு அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் வளைய வந்துகொண்டிருந்தவரை நூலகத்துக்கு அழைத்து வந்ததே காதுக்காரர்தான். வந்தவர் அலமாரி அலமாரியாக வாசித்துத் தள்ளினார். கடல் பயணம் பற்றிய ஒரு பெரிய புத்தகத்தைத் தலையணை மாதிரி சுமந்துகொண்டு வருவார். அதில் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. அவர் குரலுக்கென்றே காத்திருக்கும் கேட்பவர்கள் இருந்தார்கள். மனிதர் மறுபடி நிமிர்ந்து நடந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, காதுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால். ஒரு நாள் ஒரு அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு, "மச்சான், இதைத் திரும்ப வாசிச்சிடுங்க. மூச்சு ரொம்பக் கேக்குது" என்றார். அதுவும் மற்ற வாசிப்பாளர்கள் முன்னால். மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மூச்சு விடாம வாசிக்க நான் என்ன பொணமா?"

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே கட்டடத்தில் வேலை, அடுத்தடுத்த தெருவில் வீடு, ஆனால் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று ஆகிவிட்டது. காதுக்காரரை மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், அதன்பிறகு தங்கையிடம் "உன் வீட்டுக்காரன்" என்று குறிப்பிட ஆரம்பித்தார். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று சேதி சுமந்து அலுத்துப்போன மனைவி, "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஸ்பீக்கரா?" என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டைப் பார்க்கப் போய்விட்டாள். நூலகத்தில் அந்த வேலை வரவேற்பில் இருக்கும் அக்காவின் தலையில் விழுந்தது. அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். அந்தக் கடுப்பும் அவருக்கு இருந்தது.

இந்த நிலையில்தான் கறுப்புப் பெட்டி திக்கித் திணற ஆரம்பித்தது. பதிவுகள் பாதியில் நின்று நின்று சேர்ந்தன. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் மென்பொருளைச் செய்த நிறுவனம், அந்தக் கோளாறுக்கென்று ஒரு பேட்ச் அனுப்பியது. காதுக்காரர் அதை ஒட்டு என்பார். கிழிசலுக்குப் போடுவதுதானே, பெயரில் என்ன அலட்டல் என்பது அவர் கட்சி.

ஒட்டோடு வந்த குறிப்பைப் படித்தார். முன்பு போட்ட ஒட்டை நீக்காமல் இதைப் போடக் கூடாது என்று மேலே இருந்தது. இதைப் போடாமல் முன்பு போட்டதை நீக்குவது நல்லதல்ல என்று கீழே இருந்தது. திரும்பப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சரி, மேலே இருப்பதுதான் பெரியவர் சொல் என்று முடிவு செய்துகொண்டார்.

அன்று காலை எல்லா வாசிப்பாளர்களிடமும் போய், "இன்னைக்குப் பதிவு வேணாம், பெட்டியில கை வைக்கிறேன்" என்று தானே சொன்னார். ஒருவரிடம் தவிர. "அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க அக்கா" என்று வரவேற்பில் சொல்லிவிட்டுக் குளிர் அறைக்குள் போனார். அக்கா போய்ச் சொன்னார். "சொல்றவர் வந்து சொல்லட்டும்" என்று பதில் வந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க அக்காவுக்கு மனமில்லை.

பழைய ஒட்டை நீக்கினார். புதிய ஒட்டைப் போட்டார். பெட்டியை அணைத்து எழுப்பினார். திரையில் புத்தகங்கள் என்ற டிஸ்க்கைத் திறந்தார்.

ஒன்றும் இல்லை. ஒரே ஒரு புத்தகம்கூட இல்லை.

நகல் எடுத்துவைக்கும் டிஸ்க் எப்போதோ பழுதாகிவிட்டது. புதியது வருகிறது, வருகிறது என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆக, இருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான். அவருக்கு வேறு எந்த வாசிப்பாளரின் முகமும் நினைவுக்கு வரவில்லை. மச்சானின் கடல் புத்தகம் போய்விட்டால் மனிதர் மறுபடி வீட்டுக்குள் வளைய வரவேண்டியதுதான். மூச்சுக்குக் குறை சொன்னவன் கடைசியில் குரலையே இல்லாமல் பண்ணிவிட்டான் என்பார். வேண்டுமென்றே செய்தான் என்றுகூடச் சொல்லலாம். இல்லை என்று விளக்குவதற்கு, பேச்சுவார்த்தை இருந்தால் அல்லவா முடியும்.

மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். ஒரு தம்பி எடுத்தார்.

"ஒட்டை எடுத்துடுங்க சார், பழைய மாதிரி ஆயிடும்."

"பழைய ஒட்டையும் எடுத்துட்டேனே தம்பி."

"அப்ப இன்னும் பழைய மாதிரி ஆயிடும்."

நீக்கினார். பெட்டி மறுபடி எழுந்தது. புத்தகங்கள் வந்துவிட்டன. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்த வேகத்தில் நிமிர்ந்தார். புத்தகங்கள் என்ற டிஸ்க்குக்குக் கீழே புத்தகங்கள் என்று இன்னொரு டிஸ்க். அதிலும் எல்லாப் புத்தகங்களும். காலியாக இருந்தபோது பயந்தார். இப்போது இரண்டு மடங்காக இருப்பதைப் பார்த்துத் திருதிருவென விழித்தார். எது அசல், எது நகல்? ஒட்டைக் கழற்றினால் புத்தகம் குட்டி போடுமா?

அக்கா கதவிடுக்கில் தலையை நீட்டினார். "சார், சாப்பிட்டீங்களா?"

"இப்ப அதுதான் முக்கியமா?" என்று எரிந்து விழுந்தார் காதுக்காரர். அக்கா தலையை இழுத்துக்கொண்டார்.

மறுபடி உதவி எண். அதே தம்பி.

"ரெண்டு ஒரே பேர்ல இருந்தா சாஃப்ட்வேர் குழம்பும் சார். டூப்ளிகேட்டை அழிச்சுட்டு ஒட்டைத் திரும்பப் போடுங்க."

"ரெண்டுல எதை அழிக்கிறது?"

"எது டூப்ளிகேட்டோ, அதை."

தம்பி போனை வைத்துவிட்டார். காதுக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். அதே பெயர்கள், அதே அளவுகள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. நேரம் போகப் போக, யோசிக்க யோசிக்க, மேலே இருப்பதுதான் அசல் என்று தோன்றிவிட்டது. குறிப்பைப் படித்தபோதும் மேலே இருந்ததைத்தானே நம்பினார். கீழே இருந்ததைத் தேர்ந்தெடுத்தார். முழுவதும் அழிக்கவா என்று மென்பொருள் கேட்டது.

அக்கா மறுபடி தலையை நீட்டினார். "சார், ஏதாவது சாப்பிட்டீங்களான்னு..."

"அக்கா, உங்களுக்கு என்னதான் வேணும்?"

அக்கா போய்விட்டார். காதுக்காரர் திரையைத் திரும்பிப் பார்த்தார். மேலே இருந்த டிஸ்க்கில், பட்டியலின் உச்சியில், புதிதாக ஒரு பதிவு முளைத்திருந்தது. இன்றைய தேதி. கடல் புத்தகம், கடைசி அத்தியாயம், முதல் பகுதி.

இன்று பதிவே கிடையாதே என்று குழம்பினார். பிறகு கீழே இருந்த டிஸ்க்கைப் பார்த்தார். அதிலும் அதே பதிவு முளைத்திருந்தது.

அழிக்கவா என்ற கேள்வி இன்னும் திரையில் நின்றுகொண்டிருந்தது. அவர் அதை மூடினார். ஏன் மூடினார் என்று கேட்டால், அந்த நேரத்தில் அவருக்கே தெரியாது. நகல் என்பது எடுத்த நேரத்தோடு நின்றுவிடும் அல்லவா, இது மட்டும் எப்படி அசலோடு சேர்ந்து வளர்கிறது? ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கீழே இருந்த டிஸ்க்கிலிருந்து பதிவை ஓடவிட்டார்.

மச்சானின் குரல். கப்பல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. மாலுமிகள் கயிற்றை எறியத் தயாராக நின்றார்கள். நடுவில் வாசிப்பு நின்றது, கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மச்சான் பதிவை நிறுத்த மறந்திருந்தார்.

"அக்கா, மாப்பிள்ளை காலையில இருந்து அந்த ரூமை விட்டு வெளியவே வரல. ஏதாவது சாப்பிட்டாரான்னு பாருங்க."

"இப்பதான் கேட்டேன். கடிச்சுக் குதறிட்டாரு."

"இன்னொரு தடவை கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க."

காதுக்காரர் ஹெட்போனைக் கழற்றவில்லை. மேலே இருந்த டிஸ்க்கிலிருந்து அதையே ஓடவிட்டார். அதே மாப்பிள்ளை, அதே இடத்தில். பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தார். இரண்டு கேபிள்கள். ஒன்றைக் கழற்றினார். திரையில் ஒரு பெயர் மறைந்தது. புத்தகங்கள் அத்தனையும் இன்னொன்றில் அப்படியே இருந்தன. மாட்டினார். மறுபடி இரண்டு.

டிஸ்க் ஒன்றுதான். ஒரு வழி அடைத்துக்கொண்டால் இன்னொரு வழி இருக்கட்டும் என்று இரண்டு கேபிள் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்து ஒன்றாகக் காட்டிக்கொண்டிருந்தது பழைய ஒட்டு. அதைக் கழற்றியதும் மென்பொருளுக்கு மறந்துபோய், ஒன்றையே இரண்டாகக் காட்டியிருக்கிறது. எதை அழித்திருந்தாலும் இரண்டும் போயிருக்கும்.

பிறகு எழுந்து பதிவு அறைக்குப் போனார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டதே அவர்தான். திறந்தார்.

மச்சான் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்.

"ரெண்டு இல்ல மச்சான், ஒண்ணுதான்," என்றார் காதுக்காரர். "நாந்தான் ரெண்டுன்னு நினைச்சுட்டேன். அழிச்சிருப்பேன். நீங்க பதிவு பண்ணதால தப்பிச்சுது."

"என்ன சொல்றீங்க மாப்பிள்ளை? ஒண்ணும் புரியல."

"எனக்கே பாதிதான் புரியுது."

மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். பதிவு அறைக்குள் எந்தச் சாப்பாட்டையும் கொண்டுவரக் கூடாது என்பதும் காதுக்காரர் போட்ட சட்டம்தான். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். மூச்சைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் பேசவில்லை.

திருத்திய ஒட்டு பிறகு வந்தது. "ரெண்டு கேபிளா? முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார் உதவி எண் தம்பி. போட்டதும் இரண்டு மறுபடி ஒன்றானது. எப்படி என்று கேட்டால் காதுக்காரருக்குச் சொல்லத் தெரியாது.

கடல் புத்தகம் வெளியானது. கடைசி அத்தியாயத்தைக் கேட்டு, வெட்டி, சுத்தம் செய்து அனுப்பியது அவர்தான். அது வெளியான வாரத்தில் அக்கா வரவேற்பிலிருந்து போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு கூப்பிட்டார்.

"சார், கேக்கறவங்க ஒருத்தர் பேசறாங்க. கப்பல் கரை சேர்ந்துடுச்சாம். ஆனா அந்த மாப்பிள்ளை சாப்பிட்டாரா இல்லையான்னு கடைசி வரைக்கும் சொல்லலையாம். என்ன சொல்ல?"

கொசு பறந்தால் கேட்கும் காது, மச்சானும் அக்காவும் பேசிய அந்த இடத்தை மட்டும் வெட்டாமல் எப்படி விட்டது? மறந்துதான் விட்டாரா, விட வேண்டும் என்றே விட்டாரா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க அக்கா," என்றார்.