போட்டிக்கு முன்பே எழுதிய முதலிடம்

மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள். பிராக்டிசுக்கு விசில் அடித்தால் மலர்க்கொடியைக் காணோம். தேடிப் போனால், பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆண்டிமடம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் பி.டி. டீச்சர். அவள் ஒன்பதாம் வகுப்பு. முந்திரித் தோப்பில் கூலிக்குப் போகிற வீட்டுப் பெண். எண்ணூறு மீட்டரில் எங்கள் ஜோனில் அவளைத் தொட ஆளில்லை.

"என்னடி, கண்டதையும் தின்னியா?"

"ரெண்டு நாளா ஒண்ணுமே எறங்கல டீச்சர்."

ஹெட்மாஸ்டர் வந்தார். "எல்லாம் நடிப்பு! குளுக்கோஸ் குடுத்து ஓட வைங்கம்மா."

அவர் கெட்டவர் இல்லை. உசுப்பிவிட்டால் பிள்ளைகள் ஓடிவிடும் என்று நம்புகிறவர். அதனால் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே கேட்டுக்குப் பக்கத்துப் போர்டில் கலர் சாக்பீஸால் முடிவை எழுதிவிடுவார். அந்த வாரம் 'மாவட்டத்தில் முதலிடம்: மலர்க்கொடி' என்று எழுதியிருந்தார்.

குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டாள்.

"டீச்சர், தோத்துட்டா போர்ட அழிச்சிருவாங்களா?"

"ஏன் கேக்குற?"

"எங்கப்பா பஸ்ல எறங்குறவங்களயெல்லாம் கூட்டியாந்து காட்டுறாரு. எனக்கு ஓடவே புடிக்கல டீச்சர்."

பஸ்ஸைத் தவறவிட்டால்கூடச் சிரித்துக்கொண்டே துரத்தும் பெண் அவள். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு நேரே கேட்டுக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"அழிக்கிறேன் சார்."

"அபசகுனமால்ல இருக்கு!"

"புள்ள சோறு திங்காம கெடக்குறது மட்டும் நல்ல சகுனமா சார்?"

அவர் எனக்கு எட்டாத மேல் மூலையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். மலர்க்கொடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள், அப்போது எங்களுக்கு மாவட்டத் தலைநகராக இருந்த திருச்சியில் மூன்றாவதாக வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பயம். மூச்சு வாங்க என்னிடம் ஓடி வந்தாள்.

"டீச்சர், சாப்பாட்டுப் பொட்டலம் எங்க? பசி உசுரு போவுது."

என் பொட்டலத்தையும் சேர்த்துத் தின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் திரும்ப பஸ் ஏறும்போது கேட்டாள்:

"போர்டுல இப்ப என்ன எழுதுவாங்க?"

"ஒண்ணும் எழுத மாட்டாங்க."

"அப்ப நாளைக்குப் பிராக்டிசுக்கு வரேன் டீச்சர்."

இன்று கோச்சாக இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஸ்டாப் வாட்சை எடுக்கும் முன், சாப்பிட்டாயா என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், அன்றைக்கு வாட்ச் பையிலேயே இருக்கட்டும்.