ஒரே கிளையின் இரண்டு பாதிகள்

காலணித் தொழிற்சாலையில் அவளுக்கு ஜோடியம்மா என்று பேர். சம்பளச் சீட்டில் வேறு பேர் இருந்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான்.

பதினெட்டு வருஷமாக அவள் செய்துவந்தது ஒரே வேலை. நீண்ட மேஜையின் ஒரு பக்கம் இடது கால்களாக வந்து சேரும், மறுபக்கம் வலது கால்களாக. இரண்டையும் எடுத்துக் குதிகாலோடு குதிகாலை ஒட்டி நிறுத்தி, நிறம் ஒத்துப்போகிறதா, உயரம் சமமா, தையல் ஒரே இடத்தில் திரும்புகிறதா என்று பார்த்து, பெட்டியில் வைத்து மூட வேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு ஜோடி. கண் களைத்துப்போனால் விரல் பார்க்கும். தோலில் மயிரிழை மேடு இருந்தாலும் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

"எந்தக் கல்யாணத் தரகரும் இவ்வளவு ஜோடி சேர்த்திருக்க மாட்டார்" என்று தையல் பிரிவுப் பெண்கள் கேலி செய்வார்கள்.

"சேர்த்திருக்கலாம். ஆனா என்னோடது எதுவும் மறுநாளே பிரிஞ்சு வந்ததில்ல" என்பாள் அவள்.

வாய் இப்படி இருந்தாலும் ஒரு விஷயத்தில் அவள் அடங்கித்தான் போவாள். அவள் இடதுகைக்காரி. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் தட்டித் தட்டி எழுத்தை வலது கைக்கு மாற்றினார். மாறியது எழுத்து மட்டும்தான். கத்தரிக்கோல் துணியை வெட்டாமல் மடித்தது. டப்பா திறக்கும் கருவி வழுக்கியது. வீட்டில் எது கீழே விழுந்து உடைந்தாலும், யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள்: "என் கை அப்படி." நாற்பத்தைந்து வயது வரை சொன்ன வார்த்தை. சொல்லிச் சொல்லி அதுவே உண்மையாகிவிட்டது.

அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு பால்கனியும். புருஷன் மின்வாரியத்தில் லைன்மேன். அவருடைய தம்பி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். இன்னும் கல்யாணமாகவில்லை, இவர்களோடுதான் இருந்தார். நல்ல மனுஷன். விளையாட்டு என்று வந்துவிட்டால் மட்டும், ஊருக்கே தான்தான் நடுவர் என்பது போலப் பேசுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வாத்தியார் கடையிலிருந்து மரத்தில் செய்த பூமராங் ஒன்றை வாங்கி வந்தார். மூன்று பேரும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குப் போனார்கள். வாத்தியார் வீசினார். முதல் இரண்டு தடவை எங்கேயோ போய் விழுந்தது. மூன்றாவது தடவை வானத்தில் பெரிய வட்டம் போட்டு, கூப்பிட்ட நாய்க்குட்டி மாதிரி அவர் காலடிக்கே வந்து சேர்ந்தது. ஜோடியம்மா கிட்டே ஓடி வந்தாள். போன ஒன்று தானாகத் திரும்பி வருவதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"குடுங்க தம்பி, நானும் ஒரு தடவை பாக்குறேன்."

இடது கையால் வீசினாள். அது திரும்புகிற யோசனையே இல்லாமல் நேராகப் போய் மண்ணில் குத்தி நின்றது. மறுபடி வீசினாள். அதே கதி. பத்துத் தடவை வீசி, பத்துத் தடவையும் ஓடிப் போய் எடுத்து வந்தாள். பந்து விளையாட வந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

"இதுல ஏதோ கோளாறு இருக்கு தம்பி" என்றாள், மூச்சு வாங்கியபடி.

வாத்தியார் சிரித்துவிட்டார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். விடுங்க அண்ணி. உங்க கைக்கு இது வராது."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அவள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்ததைத்தான் அவரும் சொன்னார். ஆனாலும் தன் வாயால் சொல்லும்போது வலிக்காத வார்த்தை, பத்துப் பேர் நடுவில் இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது சுருக்கென்று தைத்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் பூமராங்கைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடி விரலால் தடவினாள். அடிப்பக்கம் தட்டை. மேல்பக்கம் லேசான மேடு. வளைவின் இரண்டு பக்கத்து இறக்கைகளிலும் ஒரு விளிம்பு தடிப்பு, மறு விளிம்பு கத்தி போல மெலிவு. சும்மா வளைந்த குச்சி இல்லை இது என்பது விரலுக்குப் புரிந்தது.

"என்னங்க, இதை மாதிரி ஒண்ணு நானே செதுக்கப் போறேன்."

லைன்மேன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கடையிலதான் கிடைக்குதே?"

"கடையில வாங்கினா வீசத்தான் முடியும். செதுக்கினாத்தான் உள்ள என்ன சூட்சுமம்னு தெரியும்."

அந்த வாரமே அவர், மின்கம்பியில் உரசிய மரக்கிளையை வெட்டப் போன இடத்திலிருந்து ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முழங்கையை மடக்கினாற்போல் இயல்பாகவே வளைந்த கிளை. மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து அதைக் கை ரம்பத்தால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். வேர்த்துக் கொட்டியது. படி ஏறி வந்த கீழ்வீட்டுக்காரர், "என்ன, கதவு செய்யறீங்களா?" என்று கேட்டார். "தெரியலைங்க, வீட்டுக்காரியைத்தான் கேக்கணும்" என்று இவர் சொல்லிவிட்டார்.

பச்சை மரத்தைச் செதுக்கினால் காயும்போது முறுக்கிக்கொள்ளும். அதனால் இரண்டு பாதிகளையும் செய்தித்தாளில் சுற்றி, நீள பூட்ஸ் வரும் பெட்டிகளில் வைத்தாள். ஈரம் உறிஞ்சுவதற்காகக் காலணிப் பெட்டிக்குள் போடும் சின்னப் பொட்டலங்களை, தொழிற்சாலையில் தரையில் சிந்திக் கிடந்ததிலிருந்து பொறுக்கி வந்து உள்ளே போட்டாள். இரண்டு மாதம் பொறுத்தாள். கிளை கைக்கு லேசாகி, தட்டினால் டொக்கென்று சத்தம் வந்த பிறகு ஒரு பாதியை மட்டும் வெளியே எடுத்தாள்.

கத்தி புருஷனுடையது. வயர் சீவுவதற்காகச் சட்டைப் பையில் வைத்திருக்கும் மடக்குக் கத்தி. அதைத் தீட்டித் தீட்டி, காகிதத்தைச் சத்தமில்லாமல் வெட்டும் பதத்துக்குக் கொண்டுவந்தாள். கத்தியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் எப்போதும் சொல்லித்தந்ததில்லை. அதனால் அது தானாக இடது கையில் போய் உட்கார்ந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் இடத்துக் கூரைக்குக் கீழே, சாயங்காலம் பால்கனியில். ஒரு தடவைக்கு ஒரு சுருள். அவசரப்பட்டு ஆழமாக இறக்கினால் கத்தி மரத்துக்குள் பாய்ந்துவிடும். வளைவு வரும் இடத்தில் மரத்தின் நார் திசை மாறும், கத்தியையும் அப்போது திருப்பிப் பிடிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு பெரிய சிராயும் கட்டைவிரலில் ஒரு வெட்டும் செலவாயின. கொஞ்சம் செதுக்குவாள், கண்ணை மூடிக் கடைப் பூமராங்கைத் தடவுவாள், பிறகு தன்னுடையதைத் தடவுவாள். வித்தியாசம் தெரிகிற இடத்தில் மறுபடி கத்தி.

ஒரு மாதத்தில் முடிந்தது. அப்பழுக்கில்லாத நகல். மூன்று பேரும் மறுபடி மைதானத்துக்குப் போனார்கள்.

வீசினாள். நேராகப் போய் மண்ணில் குத்தியது.

வாத்தியார் அதை எடுத்துத் துடைத்து, தான் ஒரு தடவை வீசிப் பார்த்தார். அது கடையில் வாங்கியதைவிட அழகாக வட்டம் போட்டு அவரிடமே வந்தது.

"அண்ணி, பிரமாதமாச் செதுக்கியிருக்கீங்க! இதுல ஒரு குறையும் இல்ல" என்றார் மனசார. பிறகு, சொல்லவேண்டாம் என்று நினைத்தும் அடக்க முடியாமல், "கைதான்..." என்று இழுத்தார்.

அவள் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மரத்தைக் குறை சொல்லவும் வழியில்லாமல் போய்விட்டது, அதுதான் அவளை வாட்டியது.

அடுத்த வாரம் மேற்பார்வையாளர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். மற்ற ஷிப்டில் கட்டிய பெட்டி. வாங்கியவர், இடது கால் கடிக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தார். "உங்க ஷிப்டு இல்லதான். என்ன கோளாறுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அவள் ஒன்றை எடுத்து இடது காலில் மாட்டி இரண்டு அடி நடந்தாள். சுண்டுவிரலைப் பிடுங்கியது. கழற்றிப் பார்த்தாள்.

"சார், ரெண்டுமே வலது கால். பாவம் அந்தாளு, தன் காலுலதான் ஏதோ குறைன்னு இத்தனை நாள் நொண்டியிருப்பாரு. செருப்புலயும் குத்தமில்ல, காலுலயும் குத்தமில்ல. ஜோடிதான்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வலது காலில் அவள் சொந்தச் செருப்பு இருந்தது, இடது கால் வெறுங்காலாக இருந்தது.

கடைப் பூமராங்கின் தடித்த விளிம்பு மனக்கண்ணில் சுழன்றது. வாத்தியாரின் வலது கை வீசும்போது அந்தத் தடிப்புதான் காற்றை முதலில் வெட்டிக்கொண்டு போகிறது, மெலிந்த விளிம்பு பின்னால் வருகிறது. இவள் இடது கை வீசினால் சுழற்சி மறுபக்கம். மெலிந்த விளிம்பு முன்னால், தடிப்பு பின்னால். வலது கால் செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்குப் போயிருக்கிறாள் அவள்!

"என்னாச்சு ஜோடியம்மா?"

"கூடம் கோணல்தான் சார்" என்றாள் அவள். "நிஜமாவே கோணல்." மேற்பார்வையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கிளையின் மறுபாதியைப் பெட்டியிலிருந்து எடுத்து முதல் பாதியின் பக்கத்தில் வைத்தாள். ஒரே கிளையைப் பிளந்தது அல்லவா? ஒன்றின் முகம் பார்க்கும் கண்ணாடி போல மற்றது கிடந்தது. குதிகாலோடு குதிகால் ஒட்டினாற்போல் இரண்டு வளைவுகளையும் சேர்த்துவைத்தாள். அதில் எங்கே தடிப்போ இதில் அங்கே மெலிவு, அதில் எங்கே மெலிவோ இதில் அங்கே தடிப்பு. பென்சிலால் குறித்துக்கொண்டாள். இந்தத் தடவை நகல் எடுக்க எதுவும் இல்லை. எல்லாவற்றையும் இடம்வலமாக மனசுக்குள் திருப்பித்தான் செதுக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக வேறு என்ன செய்துகொண்டிருந்தாள்?

இரண்டே வாரம். மணல்காகிதத்தால் தேய்த்து, மழைத்தண்ணீர் இறங்காமல் இருக்கப் பழுப்பு ஷூ பாலிஷ் போட்டு, துணியால் பளபளக்கத் துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பந்தாட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஜோடியம்மா காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டுக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தாள். காற்றுக்கு இடப்பக்கமாகத் திரும்பி நின்றாள்.

"அண்ணி, தப்பு. காத்துக்கு வலது பக்கம் பாத்து வீசணும்" என்றார் வாத்தியார்.

"அது வலது காலுக்கு தம்பி."

மேடான பக்கத்தைக் காதோரம் வைத்துக்கொண்டு, பூமராங்கைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டி வீசினாள்.

விர்ரென்று போனது. கோல் கம்பத்தைத் தாண்டியது. நேராகப் போய்விடும் என்று தோன்றிய கணத்தில் வலப்பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்து, உயர்ந்து, தண்ணீர்த் தொட்டியின் நிழலை ஒட்டி வட்டமடித்து, பழுப்பு முதுகில் வெயில் பளிச்சிட அவளை நோக்கித் திரும்பியது. அவள் கை நீட்ட மறந்து நின்றாள். அது தலைக்கு மேலே பறந்து, பின்னால் பத்தடி தள்ளி இறங்கியது.

"வந்துடுச்சு!" என்று கத்தினார் லைன்மேன்.

அவள் ஓடிப் போய் எடுத்து வந்து மறுபடி வீசினாள். இந்தத் தடவை வட்டம் கச்சிதம். முடிவில் பூமராங் வேகம் குறைந்து, நெஞ்சுக்கு நேராக மிதந்து இறங்கியது. இரண்டு உள்ளங்கைகளையும் கைதட்டுவது போல் சேர்த்தாள். பட்டென்று சத்தம். மரம் கைக்குள் இருந்தது, சுழன்ற துடிப்பு இன்னும் அடங்காமல்.

அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் வந்தது. அப்படி ஒரு சத்தம் தன் தொண்டையில் இருப்பது அவளுக்கே அதுவரை தெரியாது. பந்தாட்டம் நின்றுபோனது. யாரோ விசிலடித்தார்கள். வாத்தியார் ஓடி வந்து, "அண்ணி, அண்ணி, ஒரு தடவை குடுங்க" என்று வாங்கி, தன் வலது கையால் ஓங்கி வீசினார். அது நேராகப் போய் மண்ணில் குத்தியது. இன்னொரு தடவையும் வீசிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"எனக்கு வரலையே அண்ணி?"

அவளுக்குத் திருப்பிக் கொடுக்க எத்தனையோ பதில் நாக்கு நுனிவரை வந்தது. "உங்க கையில ஒரு குறையும் இல்ல தம்பி" என்று மட்டும் சொன்னாள். "இது உங்களுக்குச் செஞ்சதில்ல, அவ்வளவுதான்."

வாத்தியார் மண்ணில் குத்தி நின்றதைப் பிடுங்கி, துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். "நான் சொன்னதெல்லாம் தப்பு அண்ணி."

அன்றைக்கு அவள் பதினேழு தடவை பிடித்தாள். எண்ணியது லைன்மேன், ஒவ்வொன்றையும் உரக்க எண்ணினார். பதினேழாவதற்குப் பிறகு, மைதானத்தைக் குறுக்கே கடந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி சீருடையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நீங்க இடது கையாலயா வீசினீங்க?"

"ஆமா."

"நானும் இடது கைதான்." அவள் கைப்பையை லைன்மேனிடம் கொடுத்துவிட்டாள். "பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. ஒரே ஒரு தடவை?"

ஜோடியம்மா பூமராங்கை அவள் கையில் வைத்து, விரல்களை மடக்கி, தோளைப் பிடித்துக் காற்றுக்கு இடப்பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள். "பயப்படாதீங்க. ஓங்கி விடுங்க."

நர்ஸ் ஓங்கி விட்டாள். அது பெரிய வட்டமாகப் போய், சாய்ந்து, திரும்பி, இரண்டு பேர் தலைக்கும் மேலே விர்ரென்று கடந்தது. இருவரும் கத்திக்கொண்டே அதன் பின்னால் ஓடினார்கள்.