இடக்கைச் சாப்பாடு

என் வாயால் ஒருவனின் பிழைப்பு போனது. இதை ஒருவருக்கும் சொல்லாமல் இருக்கலாம்தான், ஆனால் சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

லியாவ் செங்வெய் தாய்வான்காரன். பத்தொன்பது வயதில் அங்கே ஒரு தொழில்முறை பேஸ்போல் அணியில் சேர்ந்தவன். அவனுடைய இடம் ஷோர்ட்ஸ்டொப், அதாவது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே. தரையோடு சீறிவரும் பந்தைக் குனிந்து எடுத்து, ஓடுகிறவனை முந்தி, எதிர்ப்பக்கத்து முதலாம் பேஸுக்கு எறிய வேண்டும். தோள் போனால் ஆளும் போச்சு. பத்து வருடம் எறிந்தான். இருபத்தொன்பதில் அணி அவனைக் கழற்றிவிட்டது.

இங்குள்ள அணியொன்றின் ஒரேயொரு பருவத்து ஒப்பந்தத்தில் சிட்னிக்கு வந்தவன், மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டுப் பின்வளவில் இருந்த சின்ன வீட்டுக்குக் குடிவந்தான். எனக்குக் கிரிக்கெட் தவிர வேறெதுவும் விளையாட்டில்லை. ஆனாலும் அவனைப் பிடித்துப்போயிற்று. என் மனைவி ரஞ்சினி பின்னேரங்களில் அவனைக் கூப்பிட்டுச் சோறு போடுவாள். கரண்டியைத் தள்ளிவிட்டு எங்களைப் போலவே கையால் குழைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டான்.

நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு இடக்கையால் சாப்பிடத் தொடங்கினான். யாழ்ப்பாணத்தான் கண்ணுக்கு இது தப்புமா? வலிக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "கொஞ்சம், அங்கிள்" என்று சிரித்தான். காலையில் மட்டும் வலக்கையால் பந்தை மதிலுக்கு எறிந்துகொண்டே இருப்பான்.

தை மாதம் தாய்வானிலிருந்து வேறொரு அணியின் தேர்வாளர் வருவதாகச் செய்தி வந்தது. அவர் எடுத்தால் ஊருக்கு விளையாட்டுக்காரனாகப் போவேன், இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது என்றான் லியாவ். அன்றைக்கு நான்தான் அவனை மைதானத்துக்குக் காரில் கூட்டிப்போனேன்.

லியாவ் ஒரு பந்தைக்கூட விடவில்லை. பக்கத்தில் இருந்த தேர்வாளர், நான் வீட்டுக்காரன் என்று அறிந்ததும், பையன் எப்படி என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்முடைய ஆளைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தை கூட்டிச் சொல்லாமல் இருக்க எங்களால் முடியுமா?

"இவனைப் போல உழைப்பாளியை நான் கண்டதில்லை. சாப்பிடக்கூட வலக்கையைத் தூக்க முடியாது, இடக்கையால் சாப்பிடுகிறான். அப்படியும் ஒருநாள் பயிற்சியை விட்டதில்லை!" என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு பந்தைப் பார்க்கவில்லை. லியாவ் தண்ணீர்ப் போத்தலை எந்தக் கையால் எடுக்கிறான் என்றுதான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து, லியாவ் பின்வீட்டுக்குப் போனதும், மனைவியிடம் பெருமையோடு சொன்னேன். ரஞ்சினி அடுப்பை நிற்பாட்டினாள்.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதே உங்களுக்கு? ஆரப்பா கேட்டது?"

"நான் நல்லதெண்டுதானே சொன்னனான்."

"நோவுள்ள தோளை ஆர் வாங்குவினம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

நாலு நாள் கழித்து லியாவ் கைபேசியைக் கொண்டுவந்து நீட்டினான். சீன எழுத்து எனக்கு விளங்காது என்பதால் அவனே வாசித்து ஆங்கிலத்தில் சொன்னான். தோளில் காயம் இருப்பதாலும், உணவுக்கும் இடக்கையைப் பயன்படுத்துவதாலும், எடுக்க முடியாது.

"தோளை அணி வைத்தியருக்கும் நான் காட்டவில்லை. நான் உங்கள் வீட்டில் மட்டும்தான் சாப்பிடுகிறேன், அங்கிள்" என்றான். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஏதோ உளறினேன், அவன் கேட்டதாகத் தெரியவில்லை.

மாத முடிவில் ஸ்ட்ராத்ஃபீல்டில் நண்பர்களோடு தங்கப் போவதாகச் சொன்னான். ஒரு சேமிப்புக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்திருந்தது. பெட்டிகளை எந்தத் தோளால் தூக்குவான் என்று கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

போகிற அன்று ரஞ்சினி அழுதுகொண்டே மறித்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. கதிரையில் எனக்கு நேரெதிரே இருந்தான். சோற்றை வலக்கையால் குழைத்தான். வாய்க்குப் போகுமுன் பாதி தட்டிலேயே உதிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடி, ஒரு பருக்கையும் மிச்சம் வைக்காமல் வலக்கையாலேயே சாப்பிட்டு முடித்தான்.