மாடியில் ஆடிக்கொண்டிருந்த தகடு

சென்ற ஆண்டு ஆடி மாதம் கடலூரில் தொடங்கிச் சிதம்பரத்தில் முடிந்த நிகழ்ச்சி இது. கடலூர் முதுநகரில் வசிக்கும் நான் ரயில்வே கேட் கீப்பராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே கேட் அறையில் அமர்ந்து படித்ததே என் கல்வி. எழுத்தில் பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

என் மனைவி காலமாகி அப்போது இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அவள் இதயத்தில் பிறவியிலேயே இருந்த கோளாறு, பேரப்பிள்ளைகள் பிறந்த பின்னரே தெரியவந்தது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அந்த நாள் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஒருநாள் மாலை, சிதம்பரத்தில் மருத்துவ ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் நோயாளியின் உறுப்பு எதிரே நிற்பதுபோலவே தெரியுமாம். இளம் மருத்துவர்கள் மனித உடலில் கத்தி வைக்கும் முன்னர் அதில் பழகிக்கொள்வார்களாம். என் மனைவிக்கு இருந்தது அரிய கோளாறு என்பதால், அவளைப் பார்த்த மருத்துவரே அவளது ஸ்கேனைத் தேடச் சொல்லியிருக்கிறார்.

"ஸ்கேன் எடுத்த எடத்துல பழசெல்லாம் அழிச்சிட்டாங்களாம் ஐயா. ஒங்ககிட்ட குடுத்த சிடி இருக்குங்களா?"

"பிலிம் இருக்கும்மா. அது போதாதா?"

"பிலிம்ல துடிப்பு இருக்காதுங்க. சிடியிலதான் அவுங்க இதயம் துடிக்கிறதே பதிவாயிருக்கும். நீங்களும் வந்து பாக்கலாம்."

தொலைபேசியை வைத்ததும் பீரோவைத் திறந்தேன். துடிப்பைப் பார்க்கலாம் என்கிறாரே!

ஸ்கேன் பிலிம்களைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். அவ்வப்போது அவற்றைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். உறையில் சிடி மட்டும் இல்லை. அது எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியும். கோடையில் என் மகள் மாடியில் வற்றல் காயவைத்தபோது, "அப்பா, வேண்டாத சிடி எதுனா இருந்தா குடுங்க. காக்கா தொல்ல தாங்கல" என்றாள். பிலிமிலாவது படம் தெரிகிறது, இந்தத் தகட்டில் என் முகந்தானே தெரிகிறது என்று எண்ணி, நடுத்துளையில் சணலைக் கோத்து என் கையாலேயே கொடிக்கம்பியில் கட்டினேன்.

மாடிக்கு ஓடினேன். அது இன்னும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரில் மோதி மோதி ஒரு பக்கம் முழுவதும் கீறல். பின்னாலேயே வந்த மகள் அதைக் கண்டு அழுதாள்.

"நான் கேட்டிருக்கவே கூடாதுப்பா."

"கேட்டவதான் நீ. குடுத்தவன் நான்" என்றேன். சணலை அவிழ்த்துத் தகட்டை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் தகட்டைத் துண்டில் சுற்றிப் பேருந்தில் சிதம்பரத்திற்குக் கொண்டு சென்றேன். நடந்ததைத் தலைகுனிந்தபடி சொன்னேன். அந்தப் பெண் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காக்கா பயந்துச்சுங்களா ஐயா?" என்று கேட்டார்.

"எங்கம்மா! அந்தக் கம்பி மேலயே ஒக்காந்துச்சு."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சற்றே தைரியம் வந்தது. சம்மதக் கடிதத்தில் கையொப்பமிட்டுத் திரும்பினேன்.

பத்து நாட்கள் கழித்து அழைப்பு வந்தது. ஒரு துடிப்பைப் பத்துக் கட்டங்களாகப் பிரித்துத் தகட்டில் பதிவு செய்திருந்தார்களாம். அவற்றுள் ஏழுதான் மீண்டனவாம்.

"மீதி மூணையும் வேற நோயாளிங்க இதயத்த வச்சுக் கணக்குப் போட்டு நெரப்பிட்டோம் ஐயா. இல்லாட்டி படிக்கிறவங்களுக்கு ஒதவாது."

"அவுங்களுக்கு நெரப்புங்கம்மா. எனக்கு மட்டும் நெரப்பாம காட்டுங்க."

"அது ஒழுங்கா ஓடாதுங்க. நடுநடுவுல எகிறும்."

"எகிறட்டும்."

அவ்வாறே காட்டினார். கருவியை என் தலையில் மாட்டியதும், இருட்டின் நடுவே, கை எட்டும் தூரத்தில், ஒரு பலாப்பிஞ்சின் அளவில் அவள் இதயம் நின்றது. சுருங்கியது. விரியத் தொடங்கியது. பாதியிலேயே ஒரு தாவல். மீண்டும் சுருங்கியது. ஸ்கேன் எடுத்த அன்று, அறைக்குள் "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று ஒலிபெருக்கி சொன்னது வாசலில் நின்ற என் காதிலும் விழுந்தது. அவளோடு நானும் மூச்சைப் பிடித்தேன். அந்த மூச்சுக்குள் துடித்த துடிப்பு இது. என்னையறியாமல் கையை நீட்டினேன். காற்றுதான் கிடைத்தது.

"மேசையில இடிச்சிக்கப் போறீங்க ஐயா" என்று அந்தப் பெண் என் முழங்கையைப் பற்றிக்கொண்டார். நான் போதும் என்று சொல்லும்வரை அவர் கருவியைக் கழற்றவுமில்லை, கையை விடவுமில்லை.

நிரப்பப்பட்ட இதயத்தில் இன்று இளம் மருத்துவர்கள் பயில்கிறார்கள். அவளுக்குச் செய்ய வாய்க்காத அறுவை சிகிச்சையை அதில் பலமுறை செய்து பார்க்கிறார்கள். அதற்குப் பெயரில்லை, எண் மட்டுமே. அதில் எனக்கு நிறைவுதான். ஆயினும் என் மனம் திரும்பத் திரும்பச் செல்வது நிரப்பாத அந்த இதயத்திடமே. அவள் விட்டுச்சென்ற ஒரே துடிப்பில் மூன்று கட்டங்களைக் காற்றில் ஆடவிட்டவன் நான். அந்தத் தாவல் நினைவில் வரும்போதெல்லாம், அந்த மூன்றும் வந்து சேர்ந்துவிடாதா என்று இன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.